கடலூரில் வீட்டு வாசலிலேயே 2கே கிளியர்: எட்டு மாத அனுபவம்

எங்கள் சில்வர் வேகன் ஆர் பானெட்டில் நகத்தை வைத்து லேசாக நெம்பினால் போதும், பெயிண்டின் மேல் அடுக்கு பாம்புச் சட்டை மாதிரி உரிந்து கையோடு வரும். அப்பா 2009-இல் வாங்கிய வண்டி. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு ஷெட் கிடையாது, அதனால் அத்தனை வருஷமும் கடல் காற்றிலும் வெயிலிலும்தான் நின்றது. முதலில் கூரையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு, அப்புறம் பானெட்டில் இரண்டு, ஒரு கோடையில் பார்த்தால் முதுகில் தேமல் படர்ந்த மாதிரி எங்கு பார்த்தாலும். பாலிஷ் போட்டால் போய்விடும் என்று மூன்று பேர் சொன்னார்கள். போகாது. மேலே இருக்கிற கண்ணாடி மாதிரியான அடுக்குதான் கிளியர். வெயிலைத் தாங்குவதற்காக அதில் கலந்திருக்கிற சரக்கு வருஷக்கணக்கில் தீர்ந்து, கீழே இருக்கிற கலரோடு பிடிப்பு விட்டுப்போனால்தான் இப்படி உரியும். இல்லாத அடுக்குக்கு எப்படிப் பாலிஷ் போடுவது?

பெயிண்ட் ஷாப்பில் பானெட், கூரை இரண்டுக்கும் சேர்த்து 11,000 ரூபாய் கேட்டார்கள். அவர்கள் வேலைக்கு அது நியாயமான விலைதான், இப்போது செய்து பார்த்த பிறகு இன்னும் உறுதியாகவே சொல்கிறேன். ஆனால் எனக்குக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. எட்டு மாதத்தில் மூன்று வகை கிளியர் வாங்கி அடித்துப் பார்த்துவிட்டேன். அந்த மூன்றையும், கூடவே பெயிண்ட் அடிக்கிற ஸ்ப்ரே கன், கம்ப்ரசர், மாஸ்க் எல்லாவற்றையும் பற்றித்தான் இந்த ரிவ்யூ. கிளியர் பிராண்டு பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. கெட்டுப்போன பேனல்களில் பாதிக்கு மேல் என் கைத் தவறு, அது டப்பாவின் பெயரில் போய் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

முதலில் வாங்கியது சாதாரண ஸ்ப்ரே கேன், 1கே கிளியர். ஹார்டுவேர் கடையிலேயே 250 ரூபாய்க்குக் கிடைக்கும். குலுக்கி அடித்தால் அரை மணி நேரத்தில் கை வைக்கலாம், பளபளப்பும் முதல் நாள் நன்றாகவே இருக்கும். தம்பியின் பைக் சைடு பேனலில் அடித்தேன், அழகாக வந்தது. அதே தைரியத்தில் டேங்கிலும் அடித்தேன். பத்து நாள் கழித்து பங்கில் பெட்ரோல் போடும்போது மூடி ஓரம் ஒரு சொட்டு வழிந்திருக்கிறது. அது ஓடிய தடம் முழுக்க கிளியர் குழைந்து, துடைத்த துணியோடு வந்துவிட்டது. 1கே என்றால் உள்ளே இருக்கிற தின்னர் ஆவியாகிப் போனதும் மிச்சம் நிற்கிற பிசின், அவ்வளவுதான். மறுபடி தின்னரோ பெட்ரோலோ பட்டால் கரையத்தான் செய்யும். நம் ஊரில் இன்னும் கார் பெயிண்டை 'டூக்கோ' என்று சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அது 1920-களில் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி கொண்டுவந்த லாக்கரின் பெயர், அதுவும் இதே மாதிரி தின்னர் பறந்து காய்கிற வகைதான். வண்டியின் வெளிப்புறத்துக்கு, அதுவும் டேங்குக்கு, 1கே கிளியர் வாங்காதீர்கள். டேபிள் ஃபேன் என்றால் சரி.

இரண்டாவது, 2கே கேன். இது வேறு ஜாதி. கேனுக்கு அடியில் ஒரு பட்டன் இருக்கும், கவிழ்த்து வைத்து அழுத்தினால் உள்ளே தனியாக அடைத்திருக்கிற ஹார்ட்னர், அதாவது கெட்டிப்படுத்துகிற திரவம், வெளியே வந்து கிளியரோடு கலக்கும்; இப்படி இரண்டு பொருள் சேர்வதுதான் 2கே. இரண்டு நிமிஷம் நன்றாகக் குலுக்க வேண்டும். அப்புறம் கெமிக்கலாகக் கெட்டிப்படுகிறது, தின்னர் பறந்து மட்டும் காய்வதில்லை. பெட்ரோல் ஊற்றினாலும் அசையாது. டேங்கைத் திரும்பத் தேய்த்து இதை அடித்தேன், இன்றுவரை அப்படியே இருக்கிறது. நாசில் விசிறி மாதிரி அகலமாக அடிக்கிறது, புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் இல்லை என்பது என் அபிப்பிராயம். குறை இரண்டு. ஒன்று, விலை: ஒரு கேன் ஆயிரத்துக்கு மேல், இரண்டு சைடு மிர்ரரும் ஒரு டேங்கும் அடித்தால் தீர்ந்துவிடும். இன்னொன்று, பட்டனை அழுத்திவிட்டால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும், மிச்சத்தை அடுத்த வாரம் அடிக்கலாம் என்று எடுத்து வைக்க முடியாது. பானெட்டுக்கு இது போதாது. நான் பேராசையில் முயன்றேன். பாதி பானெட்டில் கேன் தீர்ந்து, அடுத்த கேனைக் குலுக்கி எடுத்து வருவதற்குள் முதல் பாதி காய ஆரம்பித்துவிட்டது. நடுவில் சொரசொரப்பாக ஒரு கோடு. அது தேய்த்தும் போகவில்லை.

அப்போதுதான் கன் வாங்கலாம் என்று முடிவு செய்தேன். இங்கேதான் என் காசு பெரும்பாலும் போனது, கற்றுக்கொண்டதும் இங்கேதான்.

மூன்றாவது வகை, ஹார்ட்னர் கலந்து கன்னில் ஊற்றி அடிக்கிற டப்பா 2கே கிளியர். கடலூரில் அப்போது ஒரு கடையில் 1 லிட்டர் கிளியர் இருந்தது, அதற்குரிய ஹார்ட்னர் இல்லை. வேறு கம்பெனி ஹார்ட்னரை எடுத்துக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான் சார், போட்டு அடிங்க" என்றார்கள். நம்பி வாங்கினேன். ஒரு வாரம் ஆகியும் நகம் வைத்தால் தடம் விழுந்தது. ஒவ்வொரு கிளியருக்கும் அதன் பிசினுக்கு ஏற்றபடி ஹார்ட்னர் அளவு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். சிலதில் 2-க்கு 1, சிலதில் 4-க்கு 1. ஆள் மாற்றிப் போட்டால் கெட்டிப்படாது, அல்லது கெட்டிப்பட்டு உடைகிற மாதிரி ஆகிவிடும். அந்த 1 லிட்டர் வீண்.

அதற்கப்புறம் பஸ் ஏறிப் புதுச்சேரிக்கே போய்விட்டேன். 22 கிலோமீட்டர்தானே. மரப்பாலம் பக்கம் ஒரு சின்ன ஆட்டோ பெயிண்ட் கடை, பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாது, வாசலிலேயே கலர் மிக்சிங் மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும், அதுதான் அடையாளம். இந்தக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். காரணம் விலை இல்லை, விலை எல்லா இடத்திலும் இருப்பதுதான். வண்டி எது, எங்கே வைத்து அடிக்கப் போகிறாய், வெயிலிலா நிழலிலா, என்ன கம்ப்ரசர் என்று நான்கு கேள்வி கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் தொட்டார் அந்த அண்ணன். சித்திரை மாதம் என்றதும் ஃபாஸ்ட் தின்னரைத் திரும்ப வைத்துவிட்டு ஸ்லோ தின்னர் கொடுத்தார். வெயில் காலத்தில் வேகமாகக் காய்கிற தின்னர் போட்டால் கன்னிலிருந்து கிளம்பிய துளி பேனலில் போய் விழுவதற்குள் பாதி காய்ந்து, பரவாமல் மணல் மாதிரி நிற்கும். ஹார்ட்னரைச் சின்ன டப்பாவாக எடுக்கச் சொன்னார். அது காற்றில் இருக்கிற ஈரத்தோடு சேர்ந்து கெட்டுப்போகும். நம் கடலோர ஈரத்தில் ஒரு தடவை திறந்து சரியாக மூடாத ஹார்ட்னர் கலங்கலாகி, அடியில் ஜெல் மாதிரி உறைந்து, சில நேரம் டப்பாவே உப்பிவிடும். பெரிய டப்பா மலிவு என்று வாங்கியிருந்தால் பாதியைக் கொட்டியிருப்பேன். கலக்கும்போது கண்ணளவு வேண்டாம், கோடு போட்ட பிளாஸ்டிக் கப் இருக்கிறது என்று இரண்டு கப்பும், வடிகட்டக் காகிதக் கூம்பு நாலைந்தும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார். கப்புக்குக் காசு வாங்கவில்லை.

கன்னைப் பற்றி. ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒரு எச்.வி.எல்.பி. கன் வாங்கினேன், மேலே கப் வைத்தது, 1.4 மில்லிமீட்டர் நாசில். கன்னில் குறை சொல்ல முடியாது, அந்த விலைக்கு நாசில் நேர்த்தியாகவே கடைந்திருந்தார்கள். பிரச்சினை கம்ப்ரசரில். என்னிடம் இருந்தது 2 எச்.பி., 50 லிட்டர் டேங்க், வீட்டு வேலைக்கு எல்லோரும் வாங்குகிற அதே சைஸ். எச்.வி.எல்.பி. என்றால் அழுத்தம் குறைவு, ஆனால் காற்று ஏராளமாகக் குடிக்கும். பானெட்டில் ஒரு ஓரத்திலிருந்து நாலு இழுப்பு போவதற்குள் டேங்க் இறங்கி, கன் முனையில் அழுத்தம் குறைந்து, மெல்லிய பனியாக வந்தது பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்துவிட்டது. பானெட்டின் இடதுபக்கம் கண்ணாடி, வலதுபக்கம் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியாக. நான் முதலில் என் கை சரியில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன், இரண்டு வாரம் அதிலேயே போயிற்று.

இரண்டு மாற்றம் செய்தேன். சுருள் சுருளாக இருக்கும் மெல்லிய டியூபைக் கழற்றிவிட்டு உள்விட்டம் 8 மில்லிமீட்டர் இருக்கிற நேர் ஹோஸ் 10 மீட்டர் போட்டேன். கன்னை விற்றுவிட்டு, குறைந்த காற்றில் ஓடுகிற எல்.வி.எல்.பி. கன், 1.3 நாசில், 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். ராத்திரிக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம். வீட்டுக் கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் எச்.வி.எல்.பி. பக்கமே போக வேண்டாம், கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் சரி. அழுத்தம் பார்க்கும்போது டிரிக்கரை இழுத்துப் பிடித்துக்கொண்டே பாருங்கள், சும்மா நிற்கும்போது காட்டுகிற எண் வேறு, காற்று ஓடும்போது காட்டுகிற எண் வேறு. என் கன்னுக்கு 2 பார் சரியாக வருகிறது.

அடுத்தது தண்ணீர். கடலூர்க் காற்றை நசுக்கினால் தண்ணீர் வராமல் என்ன வரும்? ஒரு நாள் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு டேங்கின் அடியில் இருக்கிற குழாயைத் திறந்தேன், அரை டம்ளர் துருத் தண்ணீர் வந்தது. அதுதான் அதற்கு முந்தைய வாரம் என் கிளியருக்குள் முத்து முத்தாக உட்கார்ந்திருந்தது. வாட்டர் செப்பரேட்டரை கம்ப்ரசரிலேயே மாட்டாதீர்கள், அங்கே காற்று சூடாக இருக்கும், ஈரம் ஆவியாகவே அதைத் தாண்டிப் போய்விடும். ஹோஸில் சில மீட்டர் ஓடி ஆறிய பிறகு மாட்டினால்தான் தண்ணீர் பிரிந்து நிற்கும். 600 ரூபாய் சாமான். கிளியரில் 600 ரூபாய் கூட்டிப் போட்டு உசத்தியான பிராண்டு வாங்குவதைவிட இதில் போடுங்கள் என்று அடித்துச் சொல்வேன். என் எட்டு மாதத்தில் நான் கண்டது இதுதான்: சுமாரான விலை கிளியரும் நல்ல காற்றும் இருந்தால் கம்பெனி பளபளப்பு வருகிறது, விலை உயர்ந்த கிளியரும் கெட்ட காற்றும் சேர்ந்தால் வரவே வராது.

இப்போது மாஸ்க். இதைத் தாண்டிப் படித்துவிடாதீர்கள், தயவுசெய்து. 2கே ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். அடிக்கும்போது பனியாகப் பறக்கிற அது நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரவைக்கும். ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் அப்புறம் துளி பட்டாலும் மூச்சு இழுக்கும், அது திரும்பிப் போகாது. தின்னர் வாசனை மூக்கில் ஏறுகிற மாதிரி இது ஏறாது, அதனால் வாசனை வரவில்லை, மாஸ்க் வேலை செய்கிறது என்று நினைத்துவிட முடியாது. துணி மாஸ்க், கொரோனா காலத்து மாஸ்க், கைக்குட்டை எதுவும் உதவாது. பெரிய ஷாப்களில் வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவருகிற முகமூடி போடுவார்கள், சரியான முறை அதுதான். நான் வைத்திருப்பது 3எம் 6200 அரைமுக மாஸ்க், ஆவியைப் பிடிக்கிற 6001 கார்ட்ரிட்ஜ், அதற்கு மேல் தூசு வடிகட்டும் 5என்11 ஃபில்டர், எல்லாம் சேர்த்து 3,000-த்துக்குக் கொஞ்சம் குறைவு. முகத்தில் நன்றாக உட்காருகிறது, ஒரு மணி நேரம் போட்டாலும் மூக்குத்தண்டு வலிக்கவில்லை. அதற்காகத் தாடியை எடுத்துவிட்டேன், தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். திறந்த இடத்தில், காற்று என் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நின்று, பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் ஒரே மூச்சில் அடிப்பதில்லை, கார்ட்ரிட்ஜை நாள் எழுதி வைத்து மாற்றுகிறேன். கண்ணாடி, நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை. வீட்டில் வீசிங் இருக்கிறவர்கள், கைக்குழந்தை இருக்கிறவர்கள் 2கே அடிக்கவே வேண்டாம், ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். மாஸ்க் வாங்கக் காசில்லை என்றால் கிளியரும் வாங்காதீர்கள்.

பழகுவதற்குப் பானெட்டைத் தொடவில்லை. காயலான் கடையில் நசுங்கிய ஃபெண்டர் ஒன்று 200 ரூபாய்க்கு எடுத்து வந்து அதில்தான் முதலில் வெறும் தண்ணீர், அப்புறம் கிளியர். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஷெட் வைத்திருக்கும் பெயிண்டர் அண்ணன் ஒருவர், முப்பது வருஷமாக லாரி, பஸ், கார் எல்லாம் அடித்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வந்தவர் நான் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் முடித்ததும், "தம்பி, நீ கன்ன பாக்குற. கன்ன பாக்காத, டியூப் லைட்டப் பாரு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே கன்னை வாங்கிக்கொண்டார். பேனலுக்குப் பக்கத்தில் ஒரு டியூப் லைட்டை நீளவாக்கில் சாய்த்து வைத்தார். லைட்டின் பிம்பம் பேனலில் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்தது. ஒரு சாண் தள்ளி கன்னைப் பிடித்து, மணிக்கட்டை வளைக்காமல் முழங்கையோடு சேர்த்து இழுத்தார். கிளியர் விழுந்த உடனே அந்த வெள்ளைக் கோடு உடைந்து புள்ளி புள்ளியாக நின்றது. ஒரு நொடி, இரண்டு நொடி. புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டு, கோடு மறுபடி சேர்ந்து, ஓரம் மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது. "இதான் போதும். இந்த நடுக்கம் நின்னு கோடு கத்தி மாதிரி வரணும்னு இன்னும் போட்டியானா வடிஞ்சிரும்" என்றார். அந்த நடுக்கம்தான் ஈரத்தின் அளவு. அன்றிலிருந்து எனக்கு கன் கையில் இருக்கும், கண் கோட்டில் இருக்கும். ஐம்பது வீடியோ பார்த்தும் கிடைக்காதது இந்த ஒன்று.

பானெட் நாள். உரிந்ததன் மேலேயே புதுக் கிளியர் அடிக்கலாமா என்று கேட்பவர்கள் நிறைய. கூடாது, பழைய ஓரம் கீழே மேடாகத் தெரியும், அந்த ஓரத்திலிருந்தே புதியதும் தூக்கும். 320 நம்பர் உப்புத்தாளில் உரிகிற கிளியர் முழுவதையும் எடுத்து, ஓரத்தைச் சரிவாக இழைத்து, தகரம் தெரிந்த இடத்தில் ப்ரைமர், அப்புறம் 800 வாட்டர் பேப்பர். மூன்று நாள் சாயங்காலம் இதிலேயே போனது. அதற்கு மேல் சில்வர் பேஸ், அதாவது கிளியருக்குக் கீழே இருக்கிற கலர் அடுக்கு. சில்வர் மெட்டாலிக் பற்றித் தனியாகவே எழுதலாம், மேகம் மேகமாகத் திட்டு விழும், கடைசி இழுப்பைக் கொஞ்சம் தள்ளி நின்று லேசாகப் போட்டால் சரியாகும், இப்போதைக்கு அவ்வளவு போதும்.

நேரம் முக்கியம். தை மாதத்தில் ஒரு தடவை சாயங்காலம் ஐந்தரைக்கு ஃபெண்டரில் கிளியர் அடித்து வெளியிலேயே விட்டேன், விடியற்காலை பனி இறங்கி, காலையில் பார்த்தால் பால் ஆடை படிந்த மாதிரி மங்கல். இந்தத் தடவை காலை எட்டு மணிக்கு, தரை ஈரம் காய்ந்து, கடல் காற்று எழும்புவதற்கு முன்னால். வாசலில் அம்மா போட்ட கோலத்தை முதலில் கழுவிவிட்டேன், கோலமாவு காற்றில் எழும்பினால் அவ்வளவும் கிளியரில்தான் உட்காரும். தார்ப்பாயை மூன்று பக்கம் கட்டி, புழுதி அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்தேன். தலைக்கு மேல் வேப்பமரம், சித்திரையில் பூ கொட்டுகிற மரம், அதனால் மேலேயும் ஒரு பிளாஸ்டிக் ஷீட். அப்படியும் ஒரு பூ வந்து விழுந்தது. ஈரத்தில் கை வைத்து எடுக்காதீர்கள், அப்படியே விட்டுவிட்டுக் காய்ந்த பிறகு தேய்த்து எடுங்கள்.

கிரீஸ் ரிமூவரால் இரண்டு தடவை துடைத்தேன், முதலில் ஈரத் துணியால், அடுத்து காய்ந்த துணியால். டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் இதிலெல்லாம் இருக்கிற சிலிக்கான் துளி இருந்தாலும் கிளியர் அந்த இடத்தை விட்டு விலகி மீன்கண் மாதிரி குழி விழும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பேனல் மேல் குனிவதும் வேண்டாம். கலவை 2-க்கு 1, தின்னர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, எல்லாம் சேர்த்து 450 மில்லி பானெட்டுக்குச் சரியாக இருந்தது. முதல் கோட் மிதமாக. பத்து நிமிஷம் விட்டு, மாஸ்கிங் டேப் ஓரத்தில் இருக்கிற கிளியரைத் தொட்டுப் பார்த்தேன், நூல் இழுக்கவில்லை, விரல் ரேகை மட்டும் பதிந்தது. அப்புறம் இரண்டாவது கோட், ஈரமாக, ஒவ்வொரு இழுப்பும் முந்தியதில் பாதிக்கு மேல் மூடுகிற மாதிரி. எட்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மாஸ்கைக் கழற்றாமல் தள்ளிப் போய் நின்று பார்த்தேன். வேப்பமரத்தின் கிளை ஒவ்வொன்றும் பானெட்டில் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன், வாசனை போகட்டும் என்று ஜன்னலுக்குள்ளிருந்தே பார்த்துவிட்டு, "புது வண்டியாட்டம் இருக்குடா" என்றாள்.

குறை இல்லாமல் இல்லை. முன் ஓரத்தில் கை தயங்கி நின்ற இடத்தில் ஒரு வடியல், நெல் அளவு. எதிர் வீட்டு அக்காவின் ஸ்கூட்டியை நகர்த்தச் சொல்ல மறந்துவிட்டேன், மறுநாள் "என்ன தம்பி, சீட்டு, மட்கார்டு எல்லாம் சொரசொரன்னு இருக்கு" என்றார். பறந்த கிளியர்ப் பொடி அவ்வளவு தூரம் போயிருக்கிறது. களிமண் கட்டி மாதிரி இருக்கிற கிளே பார் வைத்து இரண்டு மணி நேரம் தேய்த்துக் கொடுத்தேன், வழவழப்பு வந்துவிட்டது, ஆனால் தெருவில் அடிப்பவர்கள் முதல் நாளே சொல்லி வண்டிகளை அப்புறப்படுத்திவிடுங்கள்.

தேய்ப்புக்கு அவசரப்படவில்லை, மூன்று நாள் வெயிலில் விட்டேன். நம் ஊர்ச் சித்திரை வெயில் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு வரம், பெரிய ஷாப்களில் ஹீட் பூத்தில் காசு செலவழித்துச் சூடு ஏற்றுகிறார்கள், இங்கே மதியம் பானெட்டில் கை வைக்க முடியாது. வடியலை மட்டும் முதலில் சின்னக் கட்டையில் 1000 தாளைச் சுற்றி, சுற்றிலும் டேப் ஒட்டி, அந்த நெல்லை மட்டும் தட்டையாக்கினேன். அப்புறம் முழுவதும் 1500, 2000, 3000, தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு. பளபளவென்று இருந்ததை நாமே மங்கலாக்குவது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை, ஆரஞ்சுத் தோலின் குழிகளில் மட்டும் பளபளப்பு மிஞ்சி நிற்கும், அந்தப் பளபளப்புப் புள்ளிகள் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். விளிம்பிலும், பானெட்டில் மேடாக ஓடுகிற வரியிலும் கிளியர் மெல்லிசாகத்தான் நிற்கும். நான் வரி மேல் கட்டையோடு போனேன், சில்வர் தெரிந்துவிட்டது. ஒரு விரல் நீளம். அந்தப் பக்கம் முழுக்க மறுபடி பேஸ், மறுபடி கிளியர், இன்னும் ஒரு வாரம். இப்போது வரிகளின் மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் தாளை எடுக்கிறேன், கடைசியில் டேப்பை எடுத்துவிட்டுக் கையால் 3000 தாளில் நாலு இழுப்பு.

பாலிஷிங் மெஷினை வாடகைக்கு எடுத்தேன், நாளுக்கு 300. காம்பவுண்டைப் பட்டாணி அளவு நாலு இடத்தில் வைத்து, மெதுவான வேகத்தில், ஒரே இடத்தில் நிற்காமல். சூடு ஏறினால் கிளியர் குழைந்துவிடும், அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பேஸ் அடிக்கிற நாள் ஒன்று, கிளியருக்கு எட்டு நிமிஷம், தேய்ப்புக்கும் பாலிஷுக்கும் ஐந்து நாள். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

செலவு: கம்ப்ரசர் ஏற்கெனவே இருந்தது. மற்றபடி கன், ஹோஸ், செப்பரேட்டர், மாஸ்க், கிளியர் செட், பேஸ், தாள், காம்பவுண்டு, வீணாகப் போனது எல்லாம் சேர்த்து 13,500 ஆகிவிட்டது. ஷாப்பில் கேட்டதைவிட அதிகம், அதுவும் பானெட் மட்டும். ஒரு வண்டிக்காக இதில் இறங்கினால் நஷ்டம்தான், நேராக ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் இரண்டு மூன்று வண்டி, பழைய பைக் ஒன்றிரண்டு, அப்புறம் இந்த வேலையில் ஆசை, இவை இருந்தால் முதல் செலவு மாஸ்க், அடுத்தது காற்று, அப்புறம்தான் டப்பா. சின்ன சாமானுக்கு 2கே கேன் போதும்.

ஐப்பசி மழை முழுக்க பானெட் நனைந்து நின்றது. தண்ணீர் முத்தாக உருண்டு ஓடுகிறது, விளிம்பு எங்கும் தூக்கவில்லை, சரிசெய்த இடம் எது என்று எனக்கே தேடினால்தான் தெரிகிறது. கூரை இன்னும் பாக்கி. அது உயரம், நடுப்பகுதிக்குக் கை எட்டாது, பெயிண்டர் அண்ணனிடம் கேட்டேன், இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு நடுவிலிருந்து வெளியே வா, ஹோஸைத் தோள் மேல் போட்டுக்கொள், இல்லையென்றால் அது ஈரத்தில் உரசிவிடும் என்றார். பனி விலகி மாசி பிறந்ததும் மரப்பாலத்துக்கு ஒரு நடை போய்ச் சின்ன ஹார்ட்னர் டப்பா ஒன்று வாங்கி வர வேண்டும்.